மூன்று மாதம், குறையில்லை

மாட்டை எடை போடுவதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நீங்கள் இன்வர்னஸிலிருந்து வந்த போலீஸ்காரர். தாகமாக இருக்கிற காளை ஒரே மூச்சில் இருபது லிட்டர் குடிக்கும். குடித்த கையோடு தராசில் ஏறினால் இருபது கிலோ கூடுதலாகக் காட்டும். இந்த ஆர்க்னி தீவுகளில் இருபத்தாறு வருடம் தீவனச் சோதனைக்காக மாடு எடை போட்டவள் நான். எந்தத் தொழுவத்திலும் தண்ணீர் காட்டி எடையைக் கூட்டுகிற அந்த வேலை என்னிடம் பலித்ததில்லை. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். தேநீரையும் குடியுங்கள், ஆறிப்போகிறது. அதில் நான் எதையும் கலக்கவில்லை.

என் கணவர் மான்சிக்கு எம்.எஸ். வந்தது நாற்பத்தொன்றாம் வயதில். நரம்பின் மேலுறை உரிந்துபோகிற நோய். கால் தள்ளாடும், கை மரத்துப்போகும், கண் மங்கும். இங்கே அது வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். மான்சியின் தங்கை ஒஸ்லாவுக்கும் வந்தது. அவர் மாடுகளோடு தடுமாறிக்கொண்டிருந்தார். அவள் தனியாகப் படகு ஓட்டி, கூண்டு இறக்கிச் சிங்கி இறால் பிடிப்பவள். விரல் மரத்துப்போனபின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவளுக்கு என்னை ஆகாது. நான் கடலுக்கு அக்கரையில் கெயித்னெஸில் பிறந்தவள். முப்பது வருடம் இந்தத் தீவில் வாழ்ந்தும் அவளுக்கு நான் 'படகுல வந்தவ'தான். இன்னொரு பெயரும் வைத்திருந்தாள், எடைக்காரி என்று.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு ஒரு செய்தி பரவியது. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கழுத்தில் ரத்தம் இறங்கும் குழாய்கள் குறுகியிருக்கின்றனவாம். உள்ளே பலூனை விட்டு ஊதி விரித்துவிட்டால் கால் நிற்குமாம், கை பிடிக்குமாம். அபர்டீனில் இருந்த நரம்பு டாக்டர் இதற்கு ஆதாரம் போதாது என்று தெளிவாகவே சொன்னார். ஆனால் ஐந்து வருடமாகக் கரண்டியைத் தவறவிடுகிறவனிடம் போய் ஆதாரம் போதாது என்று சொன்னால் அவன் கேட்பானா? எங்கள் ஊர்க்காரர்கள் போலந்துக்கும் பெல்ஜியத்துக்கும் புறப்படத் தயாரானார்கள்.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு டாக்டரைப் புகழ்கிறார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை, நீ அளந்து பழகியவளாயிற்றே என்றார்கள். ஊர் மண்டபத்தின் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினேன். எந்த டாக்டர், பலூன் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நிமிடம் ஊதினார், உள்ளே ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழல் வைத்தாரா, மூன்று மாதம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார். நான் பார்த்தவரை யாரும் அவ்வளவு ஒழுங்காக ஒப்பிட்டதில்லை.

இரண்டு டாக்டர்கள்தான் தேறினார்கள். போலந்துக்காரர் சின்ன பலூன். மெதுவாக ஊதுவார், அரை நிமிடம் வைப்பார், குழாய் மறுபடி சுருங்கினால் அப்படியே விட்டுவிடுவார். ஸ்டென்ட் வைக்கவே மாட்டார். பெல்ஜியத்துக்காரர் பெரிய பலூன். குழாயைவிட அகலமானதை விட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார், சுருங்கினால் ஸ்டென்ட் வைத்துவிடுவார். ஊரில் அவர்களுக்கு வேறு பெயரே கிடையாது, சின்ன பலூன், பெரிய பலூன் அவ்வளவுதான்.

ஒரு விதியும் போட்டோம். மூன்று மாதத்துக்குள் ஒருவரிடமிருந்து எந்தத் தகவலும் வராவிட்டால் 'குறையில்லை' என்று எழுதுவது. மண்டபத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள், ஒஸ்லாவும் தூக்கினாள். இந்தத் தீவுக்காரர்களுக்கு அதுதான் இயல்பு. கூரை பறந்தாலும் 'கொஞ்சம் காத்து' என்பார்கள். உடம்பைப் பற்றிப் புலம்புவது இங்கே மானக்கேடு. ஒருவன் வாயைத் திறக்கவில்லை என்றால் நன்றாக இருக்கிறான் என்று வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது முட்டாள்தனம் என்று தெரியும். வாய் திறக்காமல் செத்த மாடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் விதி அவர்களுடையது. படகில் வந்தவள் அதைத் திருத்தப் போவானேன்?

சின்ன பலூனிடம் பதினான்கு பேர் போனார்கள். இரண்டு பேர் சில்லிட்டிருந்த கால் சூடேறியதாகச் சொன்னார்கள், மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கெடுதலும் இல்லை. பெரிய பலூனிடம் போன முதல் ஆள் மான்சி. பிப்ரவரியில் அழைத்துப் போனேன். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். திரும்பி வந்து ஒரு மாதம் நன்றாகவே இருந்தார். ஏப்ரலில் ஒரு முற்பகல், தொழுவத்தில் கன்றுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர் அங்கேயே விழுந்தார். நான் போய்ப் பார்த்தபோது கன்று அவர் காதை நக்கிக்கொண்டிருந்தது.

இதயம் என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பொய்யல்ல. கழுத்திலிருந்து நழுவிய ஒரு ஸ்டென்ட், இதயத்தின் வலது அறையில்தான் கிடந்தது. அறுத்துப் பார்த்த ஆஸ்பத்திரி எனக்குக் கடிதம் எழுதியது. மேசை இழுப்பறையில் நீங்கள் கண்டெடுத்தீர்களே, அதுதான். நானாகவே காட்டியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த பின் துக்கத் தேநீருக்கு மண்டபத்தில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். நான் சாண்ட்விச் தட்டை ஏந்தி மேசை மேசையாகப் போனேன். ஒஸ்லா தன் இரண்டு ஊன்றுகோல்களையும் தரையில் தட்டினாள்.

"அவன் பாட்டுக்கு மாட்டோட கெடந்தான். நீதான் கயித்தக் கட்டி ஊர் ஊரா இழுத்துட்டுப் போனே. எங்கப்பா நெஞ்சும் இப்படித்தான்னு உனக்குத் தெரியாது? எப்படித் தெரியும், படகுல வந்தவ தானே. எங்கண்ணனக் கொன்னுட்டு இப்ப ஹாம் சாண்ட்விச் நீட்டுறியா, எடைக்காரி?"

யாரும் அவளை வாயை மூடு என்று சொல்லவில்லை. எல்லோரும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். "கடுகு விழுது தடவினது வேணுமா, தடவாததா?" என்று கேட்டேன். அவள் எடுக்கவில்லை. நான் அடுத்த மேசைக்குப் போனேன். எனக்குக் கோபம் இல்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் மறுபடி மறுபடி கேட்பீர்கள் என்று தெரியும்.

மான்சியைத் தாளில் சேர்க்கவில்லை. சோதனைக்கு நடுவில் செத்த மாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, அது பழைய நடைமுறை. அதனால் பெரிய பலூனுக்கு எதிரே கட்டங்கள் காலியாக இருந்தன. அதுதான் என்னை உறுத்தியது. ஒரு பக்கம் பதினான்கு, இன்னொரு பக்கம் பூஜ்யம். இதை வைத்துக்கொண்டு ஒருவர் கெட்ட டாக்டரா, அல்லது ஓர் ஆளுக்கு மட்டும் கெட்ட நேரமா என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கோடையில் இரண்டு பேர் பெல்ஜியத்துக்குப் போனார்கள். சின்ன பலூனிடம் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருத்தி பக்கத்துத் தீவின் பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர் ஜிம் ஹார்கஸ், டிராக்டர் பழுது பார்ப்பவர். ஏழாவது வாரம் அவர் மனைவி ஜெஸ்ஸி எனக்குப் போன் செய்தாள்.

"அவருக்குக் குழாய்ல ரத்தம் கட்டிக்கிச்சு, மெர்ரன். ஒரு பக்கம் முகமே வீங்கிக் கெடக்கு. முழுங்க முடியல. ஆனா நீ யார்கிட்டயும் சொல்லிடாத. அவருக்கு ஊரு பேசுனா பிடிக்காது. பாவம், அந்த டாக்டரும் நல்ல மனுஷன்தான், ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்புனாரு."

நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். மூன்று மாதம் முடிந்ததும் ஹார்கஸ் பெயருக்கு எதிரே 'குறையில்லை' என்று எழுதினேன். ஜிம்மிடமிருந்து நேராக எந்தத் தகவலும் வரவில்லை, விதி அதுதான்.

மறு வருடம் ஜனவரியில் ஒஸ்லா இங்கே வந்தாள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலிக்கு. ஒன்பது மாதமாக என்னோடு பேசாதவள். சின்ன பலூன் அவளுக்கு அக்டோபரில் நாள் கொடுத்திருந்தார். பெரிய பலூன் மார்ச்சிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"இந்தக் கோடைல படகு எறக்கலன்னா எனக்கு அப்புறம் கெடையாது," என்றாள். "வாங்குறதுக்கு ஆளு வந்து பாத்துட்டுப் போறான். எவனோ என் படகத் தட்டித் தட்டிப் பாக்குறான், நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருக்கேன். அக்டோபர் வரைக்கும் என்னால முடியாது."

"சரி."

"உன்ன நான் நம்பல, மெர்ரன். இப்பவும் சொல்றேன், மூஞ்சிக்கு நேரா. ஆனா உன் தாள நம்புறேன். நீ எத வேணா பண்ணுவே, எடைல மட்டும் கை வைக்க மாட்டே. பெரிய பலூன்கிட்ட எத்தன பேரு?"

"தாள்ல ரெண்டு பேரு."

"குறை?"

"எழுதியிருக்கிறதுதான். நீயே போய்ப் பாரு."

அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, "நன்றி," என்றாள். முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடமிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் வாயிலிருந்து அதைப் பிடுங்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏன் தடுக்கவில்லை என்கிறீர்கள். நிதானமாகக் கேளுங்கள். இரண்டு தீவனத்தை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு தாய் வயிற்றுக் கன்றுகள்தான் சிறந்தவை. மான்சியும் ஒஸ்லாவும் ஒரே தாய், ஒரே நோய், அவள் சொன்னபடி பார்த்தால் ஒரே நெஞ்சு. அவள் நன்றாகத் திரும்பினால், மான்சிக்கு நேர்ந்தது வெறும் கெட்ட நேரம் என்று தெரிந்துவிடும். அவள் வாயை மூட வேண்டியிருக்கும். அவளுக்கும் அதுவே நேர்ந்தால், தப்பு டாக்டருடையது என்று தெரிந்துவிடும். அப்போதும் அவள் வாய் மூடும். எது நடந்தாலும் மான்சியை இழுத்துப்போனவள் மேல் பழி இல்லை. இதைவிட நியாயமான சோதனையை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அதே இழுப்பறையில் இருந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றி நீங்கள் கேட்காததைக் கவனித்தேன். அது போலந்து மொழி முத்திரை போட்டது, உள்ளே ஆங்கிலம்தான், படிக்காமல் வைத்திருக்க மாட்டீர்கள். பெல்ஜியம் போவதற்கு முன்பு மான்சி பெயருக்கு வந்தது. அவர் விரலால் உறையைக் கிழிக்க முடியாது, நான்தான் பிரிப்பேன். சின்ன பலூன்காரர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். உங்கள் கழுத்துக் குழாய்கள் நன்றாக இருக்கின்றன, விரிக்க வேண்டியது எதுவும் இல்லை, வேறு யாராவது விரிக்கிறேன் என்றாலும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று.

"என்ன எழுதியிருக்கான்?" என்றார் மான்சி.

"இடம் இல்லையாம்."

"அப்ப விட்டுரு, மெர்ரன். கன்னு போடற நேரம். மாட்ட யாரு பாப்பா?"

"பெரிய பலூன் பிப்ரவரில எடுத்துக்குவாராம். டிக்கெட் பாக்குறேன்."

அவர் சரி என்று தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். என்னை அவர் எதிர்த்துப் பேசியதே கிடையாது. அவர் கால் இழுத்து இழுத்துப் போவதை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், இருக்கிறது என்று சொல்கிறவரையும் பார்ப்பதுதானே ஒப்பீடு? ஹார்கஸைப் பற்றி ஒஸ்லாவிடம் சொல்லியிருந்தால் போகமாட்டாள். அந்தக் கம்பிவலை எங்கே கிடந்தது என்று சொல்லியிருந்தாலும் போகமாட்டாள். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். நீங்கள் வந்தது இதற்காக என்றால், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மார்ச்சில் போனாள். ஒரு ஸ்டென்ட். திரும்பிய நான்காவது வாரம், படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, ஸ்டென்டுக்காகக் கொடுத்த ரத்தம் உறையாத மருந்தால் மூளையில் ரத்தம் கசிந்தது. அவள் கர்க்வால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண் திறந்திருக்கிறது. பேச்சில்லை, அசைவில்லை. எதிரே இருக்கிறவரைத் தெரிகிறது என்கிறாள் நர்ஸ்.

அவள் விஷயத்தில் மட்டும் நான் வெறுமனே காத்திருக்கவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்த அன்று கப்பலேறி நேரில் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுபோன தாளைப் பிரித்து, நேராகவே கேட்டேன். "ஒஸ்லா, உனக்கு ஏதாவது குறை உண்டா?" அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லையோ என்று குனிந்து இன்னொரு முறை கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஐந்து நிமிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குறையில்லை என்று எழுதினேன். அவள் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.