அட்டவணையில் முதலிடம்

காருக்குப் பின்னால் சைக்கிள் மாட்டுகிற ரேக்கை யாரும் அவசரப்பட்டு வாங்கக்கூடாது சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

ரேக்கில் மூன்று ரகம் உண்டு. கூரைமேல் வைப்பது ஒன்று. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தூக்கி வைத்ததை மறந்து தாழ்வான பார்க்கிங்குக்குள் நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு. இரண்டாவது, வண்டிக்கு அடியில் இரும்புக் கொக்கி அடித்துப் பொருத்துவது. அதற்கு வண்டியில் துளைபோட வேண்டும். மூன்றாவது, பின்கதவில் ஆறு பட்டைகளை இழுத்துக் கட்டித் தொங்கவிடுவது. நான் சந்தையில் உள்ள அத்தனையையும் வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டேன். எடை, வளைவு, துரு, பெயின்டில் விழும் கீறல் என்று நாற்பத்தொரு தலைப்புகள். ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதம் அதிகம் என்று என் மனைவி சொன்னாள். அவள் அவசரக்காரி.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பட்டைகளைச் சோதிக்கும் கூடத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். சீட் பெல்ட், சுமை கட்டும் வார், பள்ளிப் பை வார் எல்லாம் எங்களிடம் வரும். இயந்திரத்தில் மாட்டி, அறுகிற வரை இழுத்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று எழுதுவோம். இதனால் குடும்பத்தில் எனக்கு 'அறுவை' என்று பெயர். வைத்தவர் என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரர். ஏசி பழுது பார்ப்பவர். வாய் நிறையச் சிரிப்பார். அதைக் குறை என்று நான் சொல்லவில்லை.

அவர் பொருள் வாங்குகிற விதம்தான் என்னால் தாங்க முடியாதது. கடைக்குப் போவார், கண்ணில் முதலில் பட்டதை எடுப்பார், வந்துவிடுவார். அது பத்து வருடம் உழைக்கும். நான் மூன்று மாதம் ஆராய்ந்து வாங்கிய வாஷிங் மெஷின் இரண்டாம் வாரமே தண்ணீரைக் கக்கியது. அதைச் சரிசெய்ய வந்தவரும் அவரே. "அறுவை சகலை, இதுக்கு எத்தனை மார்க் போட்டீங்க?" என்று கேட்டபடி முட்டிபோட்டு உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். என் மகள் கை தட்டினாள்.

மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு வருடமாக அது வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. எங்கள் தெருவில் லாரி வரும், அதனால் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த்தான் பழக வேண்டும். ஏரிக்கரைக்குக் கொண்டுபோக ரேக் வேண்டும். அட்டவணை முடிந்தும், முதலிடத்துக்கு வந்த ரேக் ஆய்வில் இருந்தது. இதில் எந்தப் படியில் தவறு இருக்கிறது என்று எனக்கு இதுவரை யாரும் காட்டவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவள் நான்கு விரல் உயரம் வளர்ந்துவிட்டாள். சைக்கிள் வளரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சகலை வந்தார். கடை வாசலில் குவித்துப் போட்டிருந்த கழிவு விலைச் சரக்கில் இருந்து ஒரு பட்டை ரேக்கை எடுத்து, காரில் மாட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"சகலை, உங்க ஆராய்ச்சி முடியறதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துடும். ஏறுங்க, ஏரிக்குப் போவோம்."

"அது பாதுகாப்பில்லை," என்றேன்.

"விழுந்தா எடுத்து மாட்டிக்குவோம். அதுக்கென்ன?"

நான் ஏறவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறது. என் மனைவி ஏறினாள், மகள் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தபோது மகளின் இரண்டு முட்டியிலும் சிராய்ப்பு, முகம் முழுக்க வெளிச்சம். "அப்பா, சித்தப்பா சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தாரு. அப்புறம் விட்டுட்டாரு. விட்டதே எனக்குத் தெரியலை!" என்றாள். நல்லது என்றேன். எனக்கு வயிறு எரிந்தது சார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு பதினோரு ஞாயிறு, பெரியவர்களும் தங்கள் சைக்கிள்களை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பியதும் வாசலுக்குப் போய், "எல்லாம் சரியா வந்துச்சா?" என்று கேட்பேன். "ஏங்க, இன்னும் விழலையேன்னு வருத்தமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ரேக்கோடு உபரியாக ஒரு பட்டை வந்திருந்தது. அதைக் கேட்டு வாங்கி எங்கள் சோதனைக் கூடத்தில் சோதித்தேன். முந்நூற்று நாற்பது கிலோ தாங்கியது. என் அட்டவணையில் முதலிடத்தில் இருந்த ரேக்கின் பட்டையை நாங்கள் முன்பே சோதித்திருந்தோம்; அது இருநூற்றுத் தொண்ணூறில் அறுந்தது. இயந்திரம் பழுதோ என்று பார்த்தேன். பழுதில்லை. விவரம் தெரிந்தவன் இந்த இடத்தில் அவசர முடிவுக்கு வரமாட்டான். அந்தப் பட்டை இன்னும் போதுமான காலம் உழைக்கவில்லை, அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டேன். என் முடிவு சரி. நாள்தான் போதவில்லை.

எங்கள் கூடத்தில் வெயில் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே விளக்குகள் எரியும். ஆறு வருட வெயிலை ஆறே வாரத்தில் பட்டைமேல் இறக்கிவிடும். வெளியே எடுத்தால் பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே இற்றுப்போயிருக்கும். அதே அகலத்தில், அதே கறுப்பில் இரண்டு பட்டைகள் பெட்டியிலிருந்து வந்திருந்தன. சோதனை முடிந்த மிச்சம், வெட்டிப் போட வேண்டியவை. நான் வெட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சகலை வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் அவர் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். கார் மர நிழலில் நின்றது. ரேக்கை அவர் கழற்றுவதே இல்லை. மேல் பட்டைகள் இரண்டையும் மாற்ற எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. கொழுந்தியாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அத்தான், வெயில்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "சும்மா பார்க்கிறேம்மா," என்றேன்.

என் கணக்கு இதுதான். ஏரிக்குப் போகும் வழியில் பதின்மூன்று வேகத்தடைகள். நான்காவதிலோ ஐந்தாவதிலோ பட்டை அறும். அப்போது வண்டி நடை வேகத்தில்தான் இருக்கும். சைக்கிள்கள் விழும், பெயின்ட் போகும். எல்லோரும் இறங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சகலை தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "நீங்க சொன்னது சரிதான்," என்பார். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. உயிர்ச்சேதமெல்லாம் என் திட்டத்திலேயே கிடையாது. பின்னால் வருகிற வண்டிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். நாற்பத்தொரு தலைப்பில் அப்படி ஒரு தலைப்பு இல்லை. அது ஒரு குறைதான், குறித்துக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை சைக்கிள்களை மாட்டி முடித்ததும் சகலை என்னைக் கூப்பிட்டார். "சகலை, நீங்களே ஒரு தடவை இழுத்துப் பார்த்துடுங்க. உங்களை விட இதுல தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் சோதனையைப் பாதியில் நிறுத்தினால் முடிவு கெட்டுவிடும் சார். நான் பட்டையை இழுத்துப் பார்த்தேன். "சரியா இருக்கு," என்றேன்.

"அப்பாவே பார்த்துட்டாரு, இனிமே விழவே விழாது," என்று சொல்லிக்கொண்டு மகள் ஏறினாள்.

அவர்கள் ஏரிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் என் பிறந்தநாள். என் அட்டவணையில் முதலிடத்தில் இருந்த ரேக்கை வாங்கிக் கொடுத்து என்னை அசத்த வேண்டும் என்று ரகசியமாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். யோசனை சகலையுடையது. "அவர் கேட்டதையே வாங்கிக் கொடுத்துடுவோம், இனி அவரே வண்டியை ஓட்டிக்கிட்டு வரட்டும், பாவம்," என்றாராம். அந்தக் கடை நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனக்குத் தெரிவிக்காமல் பாதையை மாற்றியது அவர்கள் என்பதையும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும்.

நெடுஞ்சாலையில் வேகத்தடை இல்லாததால் பட்டைகள் நான் எதிர்பார்த்ததை விட அதிக தூரம் தாங்கின. ரேக்கை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அறுந்தன. சகலை வண்டியை ஓரம் கட்டினார். பெரிய சைக்கிள்கள் ஓரத்தில் விழுந்திருந்தன, மகளுடையது மட்டும் நடுச்சாலையில் கிடந்தது. பின்னால் வருகிறவர்கள் அதில் மோதிவிடக்கூடாது என்று அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போயின. மூன்றாவதாக வந்தது லாரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தியாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டீங்களே, நாங்கதான் கேட்கலை. நீங்க சொன்னது சரிங்க," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடம் பொருத்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் இருந்தது.

மூன்றாம் நாள் அறுந்த பட்டையின் உட்புறத்தில், சோதனைக்கு வரும் ஒவ்வொரு பட்டையிலும் நாங்கள் எழுதும் மாதிரி எண்ணை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். வெள்ளை மையில், என் கையெழுத்தில். வேறு யாராக இருந்தாலும் அதை அழித்திருப்பார்கள். மாதிரி எண்ணை அழிப்பது விதிமீறல். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை.

அன்றிலிருந்து மனைவி பேசவில்லை. மகள் மட்டும் ஒன்று கேட்டாள். "நீங்க இழுத்துப் பார்த்தீங்கள்லப்பா?" சின்னப் பிள்ளை. வளர்ந்தால் விளங்கிக்கொள்வாள்.

ஆகவே, பட்டைகளை மாற்றியது நான்தான். தெரிந்தே மாற்றினேன். சகலை செத்தது அதனால்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் வாங்கிய ரேக் பெட்டி பிரிக்காமல் காருக்குள்ளேயே இருக்கிறதாம். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம் என்று என் மனைவியிடம் சொல்லுங்கள். குழந்தையின் சைக்கிளை இனி அதிலேயே மாட்டட்டும். அதுதான் பாதுகாப்பானது.