என் அப்பாவைச் சட்டமன்றத்தில் பேசவைத்த டாக்டர் சுலைகா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் தங்கமணி அவர்களே, டாக்டரின் அன்புக் கணவர் ராசிக் அவர்களே, வேலை நாளிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே, வணக்கம்!

டாக்டர் சுலைகா அப்துல் கனி யார்? தலைவர்கள் பேசினார்கள், நாம் கைதட்டினோம். அவரோ பதினைந்து ஆண்டுச் சட்டமன்றப் பேச்சுகளைக் கணினியில் ஏற்றி அலசினார். யார் எதைப் பற்றிப் பேசினார், யார் வாயே திறக்கவில்லை என்று பட்டியல் எடுத்தார். தரவு அகழ்வு என்பார்கள் அந்தக் கலையை. ஓட்டுப் போட்டவனுக்குச் செய்த மரியாதை என்பேன் நான்!

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் என்னுடையது. ‘சிவநேசன், ஐந்தாண்டுச் சட்டமன்ற உறுப்பினர், ஒருமுறைகூடப் பேசவில்லை’ என்று கிள்ளான் மேடையில் டாக்டரே வாசித்தார். தேர்தலுக்கு ஒன்பதே நாள்! நேராக அவர் அலுவலகத்துக்குப் போய் மேசையைத் தட்டினேன்.

“யார ஊமைன்னு சொல்றீங்க டாக்டர்?”

“உக்காருங்க அண்ணே, பாத்துருவோம் லா” என்று கணினியைத் திறந்தார்.

என்ன கண்டோம்? என் நூற்றுப் பன்னிரண்டு பேச்சும் பரமேஸ்வரன் என்ற பெயரில் கிடக்கிறது! யார் அந்தப் பரமேஸ்வரன்? என் அப்பா! டெங்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சட்டமன்ற வாசலைக்கூடப் பார்க்காமல் கண்மூடியவர். மன்றப் பதிவில் நான் ‘சிவநேசன் பரமேஸ்வரன்’. வெளிநாட்டு மென்பொருள், பெயரின் கடைசிச் சொல்தான் ஆள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. முழுப் பெயரோடு பதிவான ஆறு பேருக்கு இதே கதி.

“என் பேருக்குப் பின்னாலயும் எங்க வாப்பாதான் அண்ணே இருக்காரு. எனக்கே தோணலையே!” என்று தலையில் கைவைத்தார் டாக்டர்.

இணையத்தில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றார்கள் கூட இருந்தவர்கள். “தப்ப மேடையில வாசிச்சேன். திருத்தத்தையும் மேடையிலதான் வாசிப்பேன்” என்றார். ஒரு தவற்றை ஒப்புக்கொண்டால், அடுத்த நாளே எல்லாத் தலைவர்களும் ‘இந்த அம்மாவின் ஆராய்ச்சியே பொய்’ என்று கிளம்பிவிட மாட்டார்களா? தெரிந்தேதான் ஏறினார். மன்னிப்புக் கேட்டார். நான் கீழே மாலையோடு நின்றேன், ஐயா! அப்புறம் அடுத்த தாளை எடுத்தார்.

“சிவநேசன் நூற்றுப் பன்னிரண்டு முறை பேசியிருக்கிறார். அதில் வாழ்த்தும் நன்றியும் எழுபத்தொன்பது. தம் தொகுதித் தோட்ட வீடுகளைப் பற்றி, மூன்று.”

தோற்றேன். நன்றாகவே தோற்றேன்! ஆனால் பொய்யான பட்டியலால் தோற்கவில்லை. நான் செய்ததற்குத் தோற்றேன். அதைப் பெருமையோடு சொல்கிறேன். எதிரியாக வந்தவனுக்கும் நியாயம் செய்தவர் அவர்!

அடுத்த மாதம் அவர் வாசலில் போய் நின்றேன். “சும்மாதான் இருக்கீங்களா அண்ணே? பேர் சரிபார்க்க ஆள் வேணும், வாங்க லா” என்றார். ஆறு ஆண்டு அந்த வேலை பார்த்தேன். பதவியில் இருந்தபோது கிடைக்காத நிம்மதி அதில் கிடைத்தது.

பெருமக்களே, இந்த ஆண்டுப் பட்டியலை மருத்துவமனைக் கட்டிலில் முடித்துவிட்டுத்தான் டாக்டர் போனார். வெள்ளிக்கிழமை அது வெளியாக வேண்டும். இன்று காலை என் கட்சிக்காரர் ஒருவர், பதவியில் இருப்பவர், என்னை அழைத்தார். “துக்க நேரம் அண்ணே, தேர்தல் முடியட்டுமே” என்றார். என்ன கரிசனம் பாருங்கள்!

முன்வரிசையில் இருக்கும் மலர், டாக்டரோடு கடைசிவரை உழைத்த பெண். அம்மா மலர், எல்லார் முன்னாலும் சொல்கிறேன். பெயர்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கிள்ளானில் மேடை போடுங்கள். நானே வாசிக்கிறேன். காலையில் என்னை அழைத்தாரே, அவர் பெயரைத்தான் முதலில் வாசிப்பேன்.