திரும்ப மாட்டிய பழைய ஸ்பீக்கர்

கைபேசியின் பின்மூடியைத் திறப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முடி உலர்த்துகிற டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து ஓரத்தைச் சுற்றிக் காட்டினால் பசை இளகிவிடும். பிறகு ஒரு பழைய அடையாள அட்டையின் மூலையை இடுக்கில் நுழைத்து மெல்ல நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். நான் எதிலுமே அவசரப்பட்டவன் இல்லை.

உங்கள் மேசையில் இருக்கிற அந்தக் கைபேசியை நான்தான் திறந்தேன். பக்கத்தில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் நான் தபாலில் வரவழைத்த புது ஸ்பீக்கர். நல்ல சாமான் என் திருகாணி டப்பாவிலும், செத்த சாமான் போனுக்குள்ளும் இருந்தது எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன். காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள் மேடம், முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குக் காது மந்தம். நூற்பாலையில் வேலை பார்த்த வருஷங்கள் தந்த பரிசு அது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். காதில் எதைச் செருகினாலும் தலை சுற்றுகிறது என்று எடுத்து வைத்துவிட்டாள். படிப்பும் கிடையாது, அதனால் போனில் வரும் எழுத்தும் அவளுக்கு உதவாது. ஆனால் போனில் இரண்டு ஸ்பீக்கர் உண்டு. மேலே இருப்பது சின்னது. காதோடு ஒட்டிக் கேட்பதற்கு. கீழே இருப்பது பெரியது. மணி அடிப்பதும், ஊருக்கே கேட்கும்படி பேசவிடுவதும் அதில்தான். அந்தப் பெரிய ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து இடது காதுப் பக்கம் சாய்த்துவிட்டால் அவளுக்கு ஒரு சொல் தப்பாது.

வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, தினமும் அது அடுக்களையில் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்து நிற்கும். இருவரும் பேசுவார்கள், சிரிப்பார்கள். இவள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். நான் வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்து, "என்னவாம்?" என்று கேட்பேன்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. பேப்பரைப் பாருங்க, அதுலதான் உலகமே இருக்கு" என்பாள்.

அந்தப் பக்கத்திலிருந்து மகளும், "அப்பாவுக்கு விளக்கம் சொல்றதுக்குள்ள என் சோறு ஆறிடும்மா" என்பாள்.

நான் கோபித்துக்கொண்டதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தவன் நான். அடுத்தவர் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது எனக்குப் பழக்கம்தான்.

ஒரு நாள் போன் கழுவு தொட்டியில் விழுந்தது. உலர்த்திப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது, பெரிய ஸ்பீக்கர் மட்டும் அடங்கிவிட்டது. எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மணியும் அடிக்கவில்லை. அதிர்வு மட்டும் இருந்ததால் போன் என் சட்டைப் பைக்குக் குடிவந்தது. மகள் கூப்பிட்டால் நான் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். அவள் சொல்வதை இவளுக்கு உரக்கச் சொல்வேன். இவள் பதிலை நேராகவே பேசுவாள். மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அந்த நாட்களில்தான் என் மகள் என்ன சாப்பிட்டாள் என்பது எனக்கு முதல் முறையாகத் தெரிந்தது. "அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க" என்று தொடங்குவாள். அவள் சொல்வதெல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் சின்ன வயசு. பெண் பிள்ளையைப் பெற்ற ஒருவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் பிறகு தெரியலாம்.

முதல் மாற்றம் மிகச் சின்னது. மாப்பிள்ளை சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசினார் என்று மகள் சொன்னாள். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கை தவறித் தட்டு உடைஞ்சிடுச்சாம்" என்றேன்.

"தட்டு போனா போகுது, கையில குத்தலையே கண்ணு?" என்று இவள் போனைப் பார்த்துக் கேட்டாள்.

நான் மாற்றிச் சொன்னது மகளுக்கும் கேட்டிருக்கும். "குத்தலைம்மா" என்றாள் மகள்.

ஏன் மாற்றிச் சொன்னேன் என்றால், மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவன் நான். எங்கள் கம்பெனியிலேயே மேற்பார்வையாளர். குடி கிடையாது, நேரம் தவற மாட்டார். பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்றே என் மனைவி, "அந்தப் பையன் வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கலைங்க" என்றாள். "கண்ணு சிரிக்காத குறைக்கு ஒரு நல்ல இடத்தை விடுவாங்களா" என்று நான் அவள் வாயை அடைத்தேன். அவளுக்கு ரத்தக் கொதிப்பு வேறு. மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

புது ஸ்பீக்கரை நான்தான் வரவழைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் இருந்தால் வரவழைப்பேனா? வந்த அன்று சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஆபரேஷனுக்கு நர்ஸ் வேணுமா டாக்டர்?"

"நர்ஸ் கையை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா போதும்."

சிரித்துவிட்டுத் துணி எடுக்கப் பின்பக்கம் போனாள்.

மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். கீழ்ப் பக்கத் திருகாணிகள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைத் தவறான துளையில் போட்டால் உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகையையே துளைத்துவிடும். அதனால் எது எங்கிருந்ததோ அந்த வரிசையிலேயே துணியில் அடுக்கினேன். பழையதை நெம்பி எடுத்தேன். புதியதை வைத்து, அதன் தங்க நிற முனைகள் பலகையில் படுகின்றனவா என்று பார்த்து முடுக்கினேன். போனை உயிர்ப்பித்தேன். மூடியை இன்னும் ஒட்டவில்லை.

மணி அடித்தது. வீடே நிறைந்தது போல அடித்தது. மகள்தான். சத்தமாகப் பேசவிடும் பொத்தானை அழுத்தினேன். பரிசோதித்துப் பார்க்கத்தான்.

"அம்மா, வெளியே பூட்டிட்டுப் போயிட்டாரும்மா. நேத்திலேர்ந்து பூட்டியிருக்கு. கையைத் தூக்க முடியலைம்மா."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. நல்ல சாமான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மனைவி முதுகைக் காட்டி நின்று கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். அவள் காதுக்கு அது எட்டவில்லை. பொத்தானை அணைத்துப் போனைக் காதில் வைத்தேன்.

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்ல வேண்டும். கிளம்பினார்களா என்பது வேறு விஷயம். பதறுகிறவர்கள்தான் கதவை நெம்பிக் குதித்து அடிபடுவார்கள். நான் பார்த்த லிஃப்ட் ஒன்றில்கூட யாரும் செத்ததில்லை. மகளிடமும் அதையே சொன்னேன். "பதறாதம்மா, அப்பா பேசுறேன்."

அன்று இரவே பேசவும் செய்தேன். "கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க மாப்பிள்ளை" என்றேன். "சரிங்க மாமா" என்றார். மரியாதையான பேச்சு. அதற்கு மேல் ஒரு மாமனாரால் என்ன செய்ய முடியும்?

மகளோடு பேசி முடித்த கையோடு புது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். திருகாணிகள் எல்லாம் வரிசையில் இருந்ததால் வேலை சுருக்கமாக முடிந்தது. மனைவி துணிக் குவியலோடு உள்ளே வந்தபோது மூடியை ஒட்டி அழுத்திக்கொண்டிருந்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"சேரலை. வேற மாடலுக்கு உள்ளதை அனுப்பிட்டான்."

"போகட்டும் விடுங்க" என்றாள். என் தோளில் ஈரக் கையை வைத்தாள். "எனக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போனின் கீழ் விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. அதற்குள்தான் மைக். கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி வைத்தால் இங்கே பேசுவது அந்தப் பக்கம் போகாது. விரலை எடுத்தால் போகும். திறந்து பார்த்தவனுக்குத்தான் அந்த இடம் துல்லியமாகத் தெரியும்.

ஒரு நாள் மகள், "அப்பா, நான் கிளம்பி வந்துடறேன். அம்மாகிட்ட கேளுங்க. நீங்க சொல்ல வேண்டாம், அம்மா சொல்லட்டும்" என்றாள். பஸ் நிலையத்திலிருந்து பேசினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் பூட்டைத் திறக்க ஆள் கூட்டி வந்து, பையோடு அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

நான் கட்டைவிரலைத் துளைமேல் வைத்தேன். மனைவியிடம், "உன் முழங்கால் வலிக்குதுன்னு சொன்னேன். உன்னைப் பாத்துக்க வீட்டைப் போட்டுட்டு வந்து இருக்கட்டுமான்னு கேக்கிறா" என்றேன்.

அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். விரலை எடுத்தேன்.

"ஐயோ, வேண்டாம் கண்ணு. எனக்காக நீ எதுக்கு வரணும்? உன் வீட்டைப் பாத்துக்கிட்டு அங்கேயே இரு. நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

கடைசி வரி முழங்காலைப் பற்றியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவாக வந்தது.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "சரிப்பா" என்றாள் மகள். பிறகு, "அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தேன். முந்தின வாரம் நானே சொல்லியிருந்தேன். அந்த ஒன்றை மட்டும் அப்படியே மனைவியிடம் சொன்னேன்.

"எவ்வளவு அக்கறை பாருங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் திரும்பிப் போனாள். அப்புறம் வருகிறேன் என்று கேட்கவே இல்லை. வீடு அமைதியாக இருந்தது. எல்லாம் படிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கடைசியாகப் பேசியபோது அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. "அம்மாகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்ப்பா. அவங்க குரலை மட்டும் கொஞ்ச நேரம் கேக்கறேன்" என்றாள். மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும்போது தனக்குத்தானே பேசுவது அவள் வழக்கம். தன் சத்தம் தனக்கே கேட்காதவர்கள் அப்படித்தான். "இந்தச் சட்டைக்குப் பொத்தான் போச்சு, இந்த மனுஷன் பொத்தானைத் தின்னுவாரோ என்னமோ" என்று முணுமுணுத்தாள். நான் போனை அவள் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தேன். கை வலித்தும் இறக்கவில்லை. விரலையும் வைக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் மொட்டை மாடியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. விழுந்தாளா, வேறு ஏதாவதா என்பதை நீங்கள் மாப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். நான் அந்த ஊரிலேயே இல்லை.

அங்கே போய் இறங்கியபோது தையல்காரம்மா என் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். காது கேட்காதவள் என்று மகள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, முகத்துக்கு நேராக நின்று கத்தினார். "பஸ் ஏறப் போன பொண்ணை வராதேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்களேம்மா. எங்க அம்மாவே சொல்லிட்டாங்க அக்கான்னு திரும்பி வந்து உக்காந்தா."

மனைவி என்னைப் பார்த்தாள். "எப்பங்க கேட்டா?"

"அந்தம்மா துக்கத்துல என்னமோ உளறுறாங்க" என்றேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் திருகாணி டப்பாவைத் தரையில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். நல்ல சாமானைத் தூக்கிப்போட எனக்கு மனசு வந்ததில்லை, அதுதான் என் பலவீனம். அதையும் போனையும் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பழுதுக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் மாட்டிப் பார்த்து, "கச்சிதமா சேருதும்மா" என்று பாட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறார். இவள் கேட்டிருக்கிறாள். பிறகு, "இருந்த மாதிரியே மாத்திக் குடுத்துடுங்க" என்று வாங்கிக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். படிக்காதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, நான் ஒப்புக்கொள்கிறேன். புது ஸ்பீக்கரைக் கழற்றியது நான். பழையதை மாட்டியது நான். துளையை மூடியதும் திறந்ததும் என் கட்டைவிரல். மகள் வந்தால் அவள் தாய் என்னைப் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாது என்பதால் செய்தேன். ஆனால் என் சொல் ஒன்றைக்கூட நான் மகளிடம் அவள் அம்மா சொன்னதாகச் சொன்னதில்லை. அவள் கேட்டது அத்தனையும் தாயின் சொந்தக் குரல். அதை யாரும் மறுக்க முடியாது.

இந்தக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் ஆள் குனிந்து ஏதோ கேட்கிறார், இவள் அவர் உதட்டையே பார்க்கிறாள். பாவம், புதிய குரல் அவளுக்குப் பிடிபடாது. எழுதிக் காட்டினாலும் பிரயோஜனமில்லை. ஏன் இரண்டு பேரும் சிரமப்பட வேண்டும்? அவளிடம் என்ன கேட்க வேண்டுமோ என்னிடம் சொல்லுங்கள் மேடம். நான் கேட்டுச் சொல்கிறேன்.