'கரப்பான்' ஆசிரியரின் டீ ஃபிளாஸ்க்

இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு மனுஷரைப் பத்திச் சொல்றேன். அஞ்சு நிமிஷத்துக் கதைதான். பின் வரிசையில பிள்ளைங்க பேசிட்டிருக்காங்க... பேசட்டும், விடுங்க. இது பெற்றோருக்கான கதை.

கடலோரத்துல ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கு. நாற்பது நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அங்கே பிலவேந்திரன்னு ஒருத்தர் பத்திரிகை நடத்தினார். பத்திரிகைன்னா... பெரிசா நினைச்சுக்காதீங்க. கையால சுத்தி நகல் எடுக்கிற ரோனியோ மெஷின்ல எடுத்த நாலு பக்கம். பேர் என்ன தெரியுமா? 'கரப்பான்'. ஏன்யா இப்படி ஒரு பேருன்னு கேட்டா, "எத்தனை தடவை மருந்தடிச்சாலும் மறுநாள் வந்துடுவேன்ல" என்பாராம்.

அடிக்கத்தான் செய்தாங்க. ஸ்ட்ரைக் பண்ணினார்னு காலேஜ்ல வெளியே அனுப்பினாங்க. அப்புறம் ஒரு பெரிய பத்திரிகையில நிருபர் வேலை. மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்தைப் பத்தி அரைப் பக்கம் எழுதச் சொன்னாங்க. இவர், பந்தியில எச்சில் இலை எடுத்த பெண்களுக்கு என்ன சாப்பாடு கிடைச்சதுன்னு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அன்னிக்கே வேலை போச்சு. அதுக்கப்புறம்தான் சொந்தப் பத்திரிகை. எழுதுறது அவர், மெஷினைச் சுத்துறது அவர், வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல நின்னு தலைப்பைக் கூவி விக்கிறதும் அவர்.

அவருக்கு ஒரு கொள்கை. யாரைப் பத்தி எழுதுறாரோ, அவங்ககிட்ட போய் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஏன்? "கேட்கப் போனா உட்காருன்னு சொல்வான். உட்கார்ந்தா காப்பி வரும். காப்பி குடிச்சவன் எவன்யா உண்மையை எழுதியிருக்கான்?" பெரிய பத்திரிகையில அதைப் பார்த்துட்டுத்தானே வந்தார். அதனால கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுவார். நல்ல கொள்கைதானே? முதல்ல கேட்டப்போ எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு நாள் கண்ணால பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் கனகாம்புஜம், சாயங்காலம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போறாங்க. பின் கதவு வழியா. பெட்டியோட போறாங்க... வெறுங்கையோட வர்றாங்க. தொடர்ந்து நாலு நாள் பார்த்தார். இதுக்கு மேல என்ன வேணும்?

வெள்ளிக்கிழமை கூவினார். "ஆஸ்பத்திரி மருந்து ஐஸ் கம்பெனியில விற்பனை... நர்சம்மாவின் திருட்டு வியாபாரம்..." ஒரு பிரதி மிச்சமில்லை. திங்கட்கிழமை நர்சம்மாவை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

புதன்கிழமை அந்தம்மா அவர் ரூமுக்கே வந்துட்டாங்க. அழலை.

"நீங்கதான் கரப்பானா?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உட்கார வரலை. ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் கெட்டு மூணு மாசமாச்சு. எழுதி எழுதிப் போட்டேன், யாரும் வரலை. குழந்தைங்களுக்குப் போடுற தடுப்பு மருந்து இந்த வெயில்ல என்னத்துக்கு ஆகும்? ஐஸ் கம்பெனிக்காரர்கிட்ட கெஞ்சி, சாயங்காலம் அங்கே வெச்சேன். காலையில ஆறு மணிக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். பெரிய டாக்டருக்குத் தெரியும். இப்போ தெரியாதுங்கறார்."

"நான்... கண்ணால பார்த்தேனே."

"பார்த்தீங்க. கேட்டீங்களா?"

பிலவேந்திரன் பேனாவை எடுத்தார். "அடுத்த இதழ்ல மறுப்பு போட்டுடறேன்மா, முதல் பக்கத்துலயே" என்றார்.

"என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறா, தம்பி. அவளைத் திருடி மகள்னு கூப்பிடுற பிள்ளைங்க உங்க பேப்பரைப் படிக்கலை. நீங்க கூவினதைக் கேட்டுச்சுங்க. கூவின இடத்துல கூவுங்க."

பஸ் ஸ்டாண்டு டீக்கடை காசிம் பாய் தடுத்தார். "வேண்டாம் பிலவேந்திரா. உன்னை ஒழிக்க ஊர்ல பாதிப் பேர் காத்துக்கிட்டிருக்கான். நீயே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறியா? இனிமே நீ எதை எழுதினாலும் பொய்யும்பான்." அவர் சொன்னதும் சரிதான். அந்த நாலு பக்கத்துக்கு இருந்ததே ஜனங்க நம்பிக்கை ஒண்ணுதான்.

வெள்ளிக்கிழமை. அதே இடம், அதே பஸ், அதே ஜன்னல்கள். "கரப்பான் பொய் எழுதியது... நர்சம்மா மேல தப்பில்லை... கேட்காமல் எழுதியது பிலவேந்திரன் தப்பு..."

ஜன்னல்லேருந்து ஒருத்தர், "ஏய்யா, இந்த வாரம் சொல்றது பொய்யின்னு அடுத்த வாரம் வந்து சொல்வியா?" பஸ்ஸே சிரிக்குது.

"என்னை நம்ப வேண்டாம்யா. ஆஸ்பத்திரிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்க."

கைக்குழந்தையோட நாலு பெண்கள் போய்த் திறந்தே பார்த்தாங்க. உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஆபீஸ் ஃபைல். அழகா அடுக்கி வெச்சிருந்தாங்க. பத்து நாள்ல புது ஃபிரிட்ஜ் வந்தது. நர்சம்மாவுக்கு வேலை திரும்ப வந்தது. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போச்சு. 'கரப்பான்' விற்பனை பாதியாச்சு, அதையும் சொல்லிடணும்.

அதுக்கப்புறம் ஆறு வருஷம் பத்திரிகை நடந்தது. யாரைப் பத்தி எழுதினாலும் முதல்ல அவங்ககிட்டயே போய்க் கேட்பார். ஆனா கையில ஒரு ஃபிளாஸ்க். காப்பி வந்தா, "இருக்கட்டும் சார், நான் கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லி, தன் டீயை மூடியில ஊத்திக் குடிச்சுக்கிட்டே கேள்வி கேட்பாராம்.

ஸ்கூல்ல வந்து இதை ஏன் சொல்றேன்? பிள்ளை பையில நாம வாங்கித் தராத ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கு. கண்ணால பார்த்துட்டோம். "எங்கேருந்து எடுத்தே?" அது கேள்வியா? தீர்ப்பு. அதையும் எங்கே சொல்றோம்... அபார்ட்மென்ட் மாடிப்படியில, எதிர்வீடு கேட்கிற மாதிரி. அப்புறம் தெரியுது, அது சிநேகிதி கொடுத்தது, நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு. அப்போ என்ன செய்றோம்? ரூம் கதவைச் சாத்திட்டு, தலையைத் தடவி, மெதுவா "ஸாரிடா கண்ணு". என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

திட்டினது மாடிப்படியில... மன்னிப்பு மட்டும் ஏன் ரூமுக்குள்ள?

இன்னிக்கு வீட்டுக்குப் போகும்போது அப்படி ஏதாவது பாக்கி இருந்தா, மாடிப்படியில ஒரு நிமிஷம் நில்லுங்க. எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கான்னு பாருங்க. திறந்திருக்கும்போதே சொல்லிடுங்க.