பொட்டுக்குக் கீழே ஒரு பெயர்

—நெத்தி ஏன் வெறுமையா இருக்கு, வாரிஜா? உன் வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்காரு?

—வாயைக் கழுவு, ஹில்டா! மங்களூரு மழைக்கு இதமா கோளிபஜே போண்டா தின்னுட்டு வீட்ல உட்கார்ந்திருக்காரு. பொட்டு இந்த ஸ்லைடு மேல இருக்கு, பாரு.

—என் தேவனே! எம்.டி. படிக்கிறப்போ நோயாளி பேர் மேல பொட்டை ஒட்டி நீட்டுவியே, அந்தப் பழக்கம் இன்னும் போகலையா? ரெண்டு பேருக்கும் ஒரே மைக்ரோஸ்கோப். முட்டி முட்டி என் நெத்தியே வீங்கிடும்.

—பேர் தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்னு கண்டுபிடிச்சவளே நீதான், தாயே மாராய்தி.

—அதிருக்கட்டும். என் மார்புல ஊசி விட்டு எடுத்த துண்டு உன் லேபுக்குத்தானே வந்துச்சு? ரிசல்ட் என்னாச்சு?

—நாளைக்கு. முதல்ல இதைப் பாரு. ஒரு மூலையில சந்தேகம்.

—ரிட்டயர் ஆனவளை விட மாட்டியே! ம்… பால்குழாய். உள்ளே செல்லு வளர்ந்து அடைச்சிருக்கு. நடுநடுவே வட்டமா ஓட்டை… அடடா, நீர்தோசை!

—நம்ம புரொபசர் சார் கிட்டயே “இது நீர்தோசை கேன்சர்”னு சொன்னவதானே நீ!

—மனுஷன் சிரிக்கவே இல்ல. ஆனா சாயங்காலம் கேன்டீன்ல நம்ம ரெண்டு பேருக்கும் நீர்தோசை வாங்கித் தந்தாரு.

—சரி, இடது மூலையைப் பாரு. குழாயோட சுவரை உடைச்சுக்கிட்டு வெளியே வந்திருக்கா?

—ம்… உடைஞ்ச மாதிரிதான் தெரியுது.

—தெரியுதா?

—இரு, பறக்காதே. படிக்கிறப்போ நீ பண்ணின தப்பு மறந்துடுச்சா? குழாயைச் சாய்வா வெட்டினா சுவரே இல்லாத மாதிரி தெரியும். நீ பரவிடுச்சுன்னே எழுதிட்டே. சார் பார்த்ததால ஒரு பொம்பளை தப்பிச்சா. பழுப்புச் சாயம் போட்ட ஸ்லைடு வெச்சிருக்கியா?

—இதோ.

—இதுலயும் பொட்டா!

—வீட்ல ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு.

—நாம படிச்சப்போ இந்தச் சாயமெல்லாம் ஏது! இங்க பாரு, குழாயைச் சுத்திக் காவல்கார செல்லுங்க எல்லாம் பழுப்பா வரிசை கட்டி நிக்கிறாங்க. ஒருத்தன்கூட இடத்தை விட்டு நகரலை.

—அந்த மூலையிலயுமா?

—அங்கேயும்தான். இந்தத் துண்டுல எல்லாம் உள்ளேயே அடங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பொழைச்சுக்குவா. பேரன் கல்யாணத்துல ஆடுவா!

—இன்னொரு தடவை பாரு.

—மூணு தடவை பார்த்துட்டேன். தைரியமா எழுது. ஏய், ஏன் அழறே? யாரு இவ, உன் தங்கச்சியா?

—பொட்டை உரிச்சுப் பாரு, ஹில்டா. ரெண்டு நாளா அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டே பார்த்தேன். எல்லா மூலையும் எனக்கு உடைஞ்ச மாதிரியே தெரிஞ்சுது.