ரெண்டு டிஸ்க், ஒரு மைக்

— உருவுங்க அத்தை, முதல் டிஸ்க்கை. ரேடியோ ஓடற கம்ப்யூட்டர் அணைஞ்சுதான் இருக்கு, கடிக்காது.

— உருவிட்டேன்டி மருமகளே. நல்லா இருக்கற டிஸ்க்கை எதுக்குப் பிடுங்கணும்?

— கெட்டுப்போனா என்ன ஆகும்னு இப்பவே பார்த்துடணும். போன மாசம் மாதிரி நம்ம ரேடியோ மறுபடி ஊமையானா, குடியிருப்புச் சங்கம் இந்த ரூமைப் பூட்டிடும்.

— அதுக்குத்தான் ஏதோ ரெய்டுன்னு சொன்னியா? யாரோ வந்து பீரோவைக் குடையப் போறாங்கன்னு நான் சாவியை ஒளிச்சு வெச்சேன்.

— ஐயோ, அந்த ரெய்டு இல்ல! ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே விஷயம் பதிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். மெஷின் எழுந்ததும் மைக்கும் தானாவே திறந்துக்கும். நீங்கதான் மைக் பொத்தானை அமுக்க மறந்துட்டு அரை மணி நேரம் பேசறீங்களே! ம், ஸ்விட்சைப் போடுங்க.

— போட்டாச்சு. திரையெல்லாம் கறுப்பு. 'பூட் டிஸ்க் இல்லை'ங்குது. தாங்கும்னியே!

— அடச்சே, என் புத்தி! பாட்டு, பேச்சு எல்லாம் ரெண்டுலயும் இருக்கு. மெஷினை எழுப்பிவிடற புரோகிராமை மட்டும் முதல் டிஸ்க்கில போட்டதோட விட்டுட்டேன்.

— ரெண்டு பேர் தூங்கறாங்க, அலாரம் ஒருத்தர் தலைமாட்டில மட்டும்.

— அதேதான்! உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். டிஸ்க்கைத் திரும்ப மாட்டுங்க. இதோ... ரெண்டாவதுலயும் எழுதிட்டேன். அணைச்சாச்சு. மறுபடி உருவிட்டுப் போடுங்க.

— ஏய், சுத்துதுடி! எழுத்து ஓடுது! வந்துடுச்சு, வந்துடுச்சு!

— ஒத்தை டிஸ்க்கில! அத்தை, ஒத்தை டிஸ்க்கில! இனி யாரு நம்ம வாயை அடைக்க முடியும்?

— என் தங்கமே! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. ஒண்ணு சொல்றேன், திட்டாதே. போன மாசம் பிளக்கைப் பிடுங்கி டிஸ்க்கைக் கெடுத்தது அவன் இல்ல.

— உங்க பிள்ளை இல்லையா? சங்கத்துல அத்தனை பேர் முன்னால தலை குனிஞ்சு நின்னாரே!

— பெருக்கறப்போ நான்தான் இடிச்சேன். கடைசியா ரூமைப் பூட்டினது அவன்னு பழி அவன் மேல விழுந்துச்சு. நான் வாயே திறக்கலை.

— அடப்பாவமே! நானும் ஒரு மாசமா அவரை வறுத்து எடுக்கறேனே!

— இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அந்த போனை எடு முதல்ல, விடாம அடிக்குது.

— ஹலோ... ம்... ம்... அத்தை, உங்க பிள்ளைதான். ரேடியோவில உங்க குரல் ரொம்பத் தெளிவா கேக்குதாம்.