செடி போட்ட திருத்தம்

நாத்தனார்: “மார்ச் பதினெட்டு. இன்று நான் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன்.” நம்ம லேப் மேடத்துக்கு இப்படி எழுதி அனுப்பட்டுமா அண்ணி?

அண்ணி: சிறுசா பெருசான்னு அவங்க சொல்லட்டும். நீ மொதல்ல கண்ணைத் துடை. என்ன பண்ணித் தொலைச்ச?

நாத்தனார்: நெல் நாத்து ரெண்டு தட்டுல இருந்து இலை வெட்டிக் குடுத்தீங்கல்ல? ஒண்ணு சாதா தட்டு. இன்னொண்ணு குலைநோய்ப் பூஞ்சை அடிச்சது...

அண்ணி: ம்... குடுத்தேன்.

நாத்தனார்: அந்த இலையோட ஆர்.என்.ஏ. எழுத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துச்சு. டி.என்.ஏ.ல ‘சி’ இருக்கிற சில இடத்துல, இதுல ‘யூ’ இருந்துச்சு. மெஷின் தப்பாப் படிச்சிருச்சுன்னு நெனச்சு...

அண்ணி: நெனச்சு?

நாத்தனார்: எல்லாத்தையும் ‘சி’ ஆக்கிட்டேன்.

அண்ணி: அடிப்பாவி! உங்கண்ணன் எனக்கு அனுப்புற மெசேஜையே பிழை திருத்தித் தந்தவளாச்சே நீ!

நாத்தனார்: சிரிக்காதீங்க அண்ணி! அது செடியே போட்ட திருத்தம். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் எடுத்துட்டு, நகல்ல மட்டும் அங்கங்க ஒரு எழுத்தை மாத்திக்குது. நோய் வந்தா அந்தத் திருத்தம் கூடுதா, கொறையுதான்னு பார்க்கிறதுதான் நம்ம வேலையே!

அண்ணி: செடி ஒண்ணு எழுத, நீ அதுக்குச் சிவப்பு மை அடிச்சிட்ட.

நாத்தனார்: அசல் மேலேயே சேமிச்சும் தொலைச்சிட்டேன். இலையைப் படிச்சு அனுப்பின கம்பெனிகிட்டயும் அது இல்லையாம். நாளைக்கு மேடம் கேட்டா என்னை இந்த வேலையில இருந்தே தூக்கிருவாங்க. நீங்கதான் காப்பாத்தணும். ஃப்ரீசர்ல அந்த நோய்த் தட்டு இலை மிச்சம் இருக்கும்ல?

அண்ணி: அது... அந்த இலை வேண்டாம்.

நாத்தனார்: ஏன், கெட்டுப் போச்சா?

அண்ணி: கெட்டுப் போகல. நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை.

நாத்தனார்: நல்லா இருந்தா என்ன பிரச்சினை?

அண்ணி: நோய்த் தட்டு இலை நல்லா இருக்கலாமாடி?

நாத்தனார்: ...அண்ணி?

அண்ணி: சாதா தட்டுக்கு வெறும் தண்ணி அடிக்கணும். மத்ததுக்குப் பூஞ்சைத் தண்ணி. ரெண்டு புட்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்குமா...

நாத்தனார்: ரெண்டுக்கும் வெறும் தண்ணியா!

அண்ணி: கத்தாதே, அடுத்த ரூம்ல ஆள் இருக்கு.

நாத்தனார்: அப்போ நான் அழுதப்போ நீங்க சிரிச்சது?

அண்ணி: நிம்மதியிலடி! நீ அழிச்சது எப்படியும் உதவாத எழுத்துதானே. இலையை வெட்டிக் குடுத்த பிறகும் அந்தத் தட்டுல ஒரு புள்ளிகூட வரல. அப்பதான் எனக்கே விளங்குச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பத்து நாளா ஒளிஞ்சு திரியுறேன். யாருக்கும் தெரியாம வேற தட்டுக்குப் பூஞ்சைத் தண்ணி அடிச்சு வச்சேன், நேத்து புள்ளி வந்துருச்சு. நாளைக்குக் காலையில மேடத்துகிட்ட மொதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீ சொல்லு. சொல்லிட்டு ரெண்டு பேரும் போய் இலை வெட்டுறோம்.